கேன்சர் ஆராய்ச்சிக்குப் போகும் தங்கைகளுக்கு: பணமும் காகிதமும் பற்றிச் சில விஷயங்கள்

போன மாதம் ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். தூரத்துச் சொந்தம். எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி கடைசி செமஸ்டர். "லாத்தா, எனக்கு கேன்சர் ரிசர்ச்சுக்குப் போகணும்னு ஆசை. வீட்ல பி.எட். போதும்ங்கிறாங்க. போலாமா?" என்று கேட்டாள். போ என்று சொன்னேன். அதற்கப்புறம் வெகுநேரம் பேசினோம். அதில் புற்றுநோயைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். மீதி முழுக்கச் சான்றிதழ், தவணை, வாடகை, யாரிடம் எதை எழுத்தில் வாங்க வேண்டும் என்பதுதான். நான் சேர்ந்தபோது எனக்கு இப்படிச் சொல்ல ஒருத்தரும் இல்லை. எங்கள் தெருவில் பிஎச்.டி. என்று யாரும் கிடையாது. கேட்கிற எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நெல்லைப் பக்கம். பீடி சுற்றும் ஊர். உம்மா மடியில் சுளகை வைத்துக்கொண்டு இலையையும் தூளையும் உருட்டியதில்தான் நான் எம்.எஸ்சி. வரை படித்தேன். வாப்பா ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். வாய்ப்புற்றுநோயில் ஆய்வு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குப் பெரிய காரணம் எதுவும் தேட வேண்டியதில்லை. வெற்றிலையோடு புகையிலையை அதக்கிக்கொண்டே பீடி சுற்றும் பெரியம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்களில் சிலருக்குக் கன்னத்தில் ஆறாத புண் வந்ததையும் பார்த்திருக்கிறேன். இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. பாக்கு, பாக்கு சேர்த்த வெற்றிலை, புகையிலை மெல்லுவதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. பெரியம்மாக்களை முன்பே தெரியும்.

எம்.எஸ்சி. முடித்ததும் சென்னையில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் பிராஜெக்ட் வேலை கிடைத்தது. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் லெக்சர்ஷிப் மட்டும் வந்தது. ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கட்ஆஃப் கொஞ்சத்தில் போய்விட்டது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் இன்று வரை என்னால் புரியவைக்க முடியவில்லை. ஜே.ஆர்.எஃப். வந்தால் பணம் உங்கள் பெயரில் ஐந்து வருஷத்துக்கு வரும். கைடு மாறினாலும் அது உங்களோடு வரும். லெக்சர்ஷிப் மட்டும் வந்தால் கல்லூரியில் பாடம் நடத்தத் தகுதி, ஆய்வுக்குக் காசு கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கென்றுதான் தனித்தனி ஃபெலோஷிப்கள் இருந்தன. எஸ்.சி. மாணவர்களுக்கு ஒன்று, ஓ.பி.சி.க்கு ஒன்று, முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி ஆகிய சிறுபான்மையினருக்கு மௌலானா ஆசாத் ஃபெலோஷிப். முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு அறிக்கை 2006-ல் வந்ததற்கப்புறம் 2009-ல் தொடங்கியது அது. நான் அதை நம்பித்தான் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். 2022 டிசம்பரில், 2022-23 முதல் அது கிடையாது என்று மக்களவையில் அறிவித்துவிட்டார்கள். மற்ற ஃபெலோஷிப்களோடு ஒன்றின்மேல் ஒன்று வருகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு வட்டி மானியம் தந்துவந்த படோ பர்தேஷ் திட்டமும் அதோடு சேர்ந்து போனது.

அந்தச் செய்தியை நான் லேபில் ஒரு சீனியரின் போனில் பார்த்தேன். அன்று, லேபில் வளர்க்கும் செல்களுக்கு மீடியா என்கிற ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டிய நாள். மாற்றிவிட்டுத்தான் அழுதேன். கைடு நல்ல மனுஷி. "பிராஜெக்ட் இருக்கும் வரை நீ இரு, பார்த்துக்கலாம்" என்றார். அவர் சொன்னது உண்மையான அக்கறைதான். ஆனால் பிராஜெக்ட் முடிகிற தேதி அவர் கையில் இல்லை, அடுத்த தவணை வருகிற தேதியும் அவர் கையில் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும். பிராஜெக்ட் பணம் வருஷா வருஷம் தவணையாக வரும். முந்தின தவணையைச் செலவழித்த கணக்கு, தணிக்கையாளர் கையெழுத்தோடு யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட்டாகப் போனால்தான் அடுத்தது நகரும். அந்தக் காகிதம் எங்கள் நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் மேசையில் கிடந்தது. ஒருத்தர் லீவு, ஒருத்தர் மாற்றல், அப்புறம் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. இதற்கிடையில் எங்களுக்குச் சம்பளம் வரவில்லை. 31,000 ரூபாயும் வீட்டுவாடகைப் படியும் மாதாமாதம் வரும் என்று ஆஃபர் லெட்டரில் இருந்ததைக் கணக்குப் போட்டுத்தான் ஊரிலிருந்து கிளம்பியிருந்தேன். கடைசியில் நிலுவை மொத்தமாக வந்தது. வந்த அன்றே கடனுக்குப் போனது.

கடன் எங்கே வாங்கினேன் என்றால், முதலில் ஊர் ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மாலில். உம்மாவின் வளையலை வைத்து வட்டியில்லாக் கடன். அதற்கு உச்சவரம்பு உண்டு. மீதிக்கு துபாயில் இருக்கும் மச்சானிடம் கேட்டேன். எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் வரை போனது. படித்து முடித்து வேலைக்குப் போயிருக்க வேண்டிய வயதில், பீடி சுற்றும் உம்மாவின் வளையலைக் கேட்டது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. மச்சான் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாததால் இன்னும் கூச்சமாக இருந்தது. என்னோடு சேர்ந்த இன்னொரு பெண்ணுக்கும் அதே நிலைமைதான். அவளுடைய அப்பா பேராசிரியர். அவளுக்கு அது எரிச்சல் தந்த ஒரு பருவம், அவ்வளவுதான். நான் அந்த மாதங்களில் இரண்டு தடவை ராஜினாமாக் கடிதம் அடித்து வைத்தேன். ஆய்வை விட்டுப் போகிற எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி மாதங்களில்தான் போகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். மூளை போதவில்லை என்று யாரும் போனதாக எனக்குத் தெரியவில்லை.

அதனால் சேருவதற்கு முன்னாடி கைடிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் சம்பளம் எந்தப் பிராஜெக்டிலிருந்து வருகிறது, அது எந்தத் தேதியில் முடிகிறது, போன தடவை தவணை எவ்வளவு தாமதமாக வந்தது. நல்ல கைடு கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு தகவல்தான். அதே கேள்விகளை லேபில் இருக்கும் சீனியரிடம் டீ குடிக்கும்போது தனியாகக் கேளுங்கள். கையில் ஆறு மாதச் செலவுக்காவது பணமோ, கேட்டால் கொடுக்கக்கூடிய ஆளோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டெண்டன்ஸ், கன்டினியூவேஷன் சான்று, எச்.ஆர்.ஏ. சான்று எல்லாவற்றையும் ஒவ்வொரு மாதமும் ஸ்கேன் செய்து உங்கள் மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் தொலைந்துபோகிற காகிதம் எப்போதும் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் நமக்கு பி.சி. முஸ்லிம் என்று 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, அந்த அட்டை எல்லார் வீட்டிலும் இருக்கும். மத்திய அரசு ஃபெலோஷிப்புக்கு அது செல்லாது. மத்தியப் பட்டியலுக்கான ஓ.பி.சி. சான்று, அதுவும் கிரீமிலேயர் (ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) இல்லை என்கிற சான்று, அவர்கள் கேட்கும் படிவத்தில், அவர்கள் கேட்கும் தேதிக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். லெப்பை என்பது ராவுத்தர், மரைக்காயர் உட்பட மத்தியப் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு இருக்கிறது. ஆனால் பள்ளி டி.சி.யில் பலருக்கு வெறும் 'முஸ்லிம்' என்றோ 'இஸ்லாம்' என்றோதான் எழுதியிருக்கும். எனக்கும் அப்படித்தான். வாப்பாவின் சான்று, பெரியப்பா மகனின் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இ-சேவையில் போட்ட விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் நின்றது. அவர் மாறிப்போனார். புதிதாக வந்தவர் மறுபடி முதலிலிருந்து கேட்டார். ஓ.பி.சி. ஃபெலோஷிப்புக்கு வருஷத்துக்கு 1,000 இடம். மௌலானா ஆசாத் போனதற்கப்புறம் எனக்கு இருந்த நேர்வழி அதுதான். அந்த வருஷ விண்ணப்பம் மூடிய பிறகுதான் சான்று கைக்கு வந்தது. அதோடு ஒரு வருஷம் போனது.

கிரீமிலேயர் கணக்கில் எட்டு லட்சம் வரம்பு என்றதும் அப்பா சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. சம்பளமும் விவசாய வருமானமும் அந்த வருமானக் கணக்கில் சேராது. அது தெரியாமலே விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். எம்.எஸ்சி. படிக்கும்போதே இந்தச் சான்றை எடுத்து, வருஷா வருஷம் ஏப்ரல் வந்ததும் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது எடுக்கலாம் என்று இருந்தால் தேவைப்படும்போது கிடைக்காது.

வீடு பார்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனில் எல்லாம் சரி என்பார்கள். பெயர் சொன்னதும் "ஓனர் சுத்த சைவம்மா" என்பார்கள். நான் கறி சமைக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்ன நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வரும். ஒரு தரகருக்கு டோக்கன் கொடுத்தது திரும்பி வரவில்லை. ஆதார் காப்பி வாங்கிய மறுநாள் "வீடு போயிடுச்சு" என்றார். பெயரை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். ஓனரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். நிறுவனத்தில் ஹாஸ்டல் இடம் இருக்கிறதா என்று அட்மிஷனின்போதே எழுதிக் கேளுங்கள். அரசு நடத்தும் தோழி விடுதிகளையும் விசாரித்துப் பாருங்கள். நான் கடைசியில் திருவல்லிக்கேணியில் ஒரு பாட்டி வீட்டு மாடியில் இருந்தேன். லேபுக்கு இரண்டு பஸ்.

லேபுக்குள் எனக்குப் பெரிய தொந்தரவு இருந்தது என்று சொன்னால் பொய். தலைத்துணி தொங்கினால் பர்னர் பக்கம் ஆபத்து என்று சேஃப்டி ஆபீசர் சொன்னார். நியாயம்தான். பருத்தித் தொப்பி மாதிரி தைத்து, நுனியை லேப் கோட்டுக்குள் செருகிக்கொண்டேன், துணியில் பின் குத்துவதை விட்டேன். நோன்பு மாதத்தில் 24 மணி நேர டைம் பாயின்ட் (சோதனை தொடங்கி அத்தனை மணி நேரம் கழித்துச் சரியாக அளவு எடுப்பது) வந்தால் சஹருக்கு எழுந்த கையோடு லேபுக்குப் போய்விடுவேன். கஞ்சி கொண்டுவா என்று பக்கத்து லேபில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மனசு விட்டுப்போனது வேறு ஒரு விஷயத்தில். பணம் வராத அந்த மாதங்களில் எங்கள் லேபில், செல்கள் வளர மீடியாவில் சேர்க்கும் சீரம் தீர்ந்துகொண்டிருந்தது. நல்ல கம்பெனி சீரம் ஒரு பாட்டில் என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். கடைசி பாட்டிலைப் பத்து பத்து மில்லியாகப் பிரித்து, டியூப் மேலே ஒவ்வொருத்தர் பெயரும் எழுதி ஃப்ரீசரில் வைத்தோம். செல் லைன்களை, அதாவது லேபில் தொடர்ந்து வளர்ந்துகொண்டே இருக்கும் செல் வகைகளை, நைட்ரஜனில் உறைய வைத்துவிடலாம். நோயாளிகளிடமிருந்து வாங்கிய திசுவிலிருந்து நான் வளர்த்துக்கொண்டிருந்த செல்கள் அப்படிக் காத்திருக்காது. என் பங்கு சீரம் தீர்ந்த வாரத்தில் அவை தட்டின் அடியை விட்டுக் கழன்று, உருண்டு மிதந்தன. அந்தத் திசுவைக் கொடுத்த அம்மா என் ஊர்ப் பக்கத்துக்காரர். அதில் ஒரு வருஷ வேலையும் போனது.

அந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனையில் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். படிவம் தமிழில்தான் இருந்தது, யாருக்கும் புரியாத தமிழில். அவர் என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். அப்புறம் "எழுதி இருக்கதெல்லாம் கெடக்கட்டும், நீ சொல்லு மக்கா" என்றார். சொன்னேன். எங்கள் கேள்வித்தாளில் புகையிலைப் பழக்கம் உண்டா என்று ஒரு கேள்வி. புகைக்க மாட்டேன், மெல்ல மாட்டேன் என்றார். 'இல்லை' என்று டிக் அடிக்கப் போனேன். அவருடைய விரல் நுனியைப் பார்த்தேன். என் உம்மாவின் விரல் மாதிரியே மஞ்சள். நாற்பது வருஷமாகத் தினமும் தூளுக்குள் கை வைத்தவர். எங்கள் கேள்வித்தாளில் அதற்குக் கட்டமே இல்லை. பீடி சுற்றும் தொழில் உண்டா, எத்தனை வருஷம், வீட்டுக்குள்ளேயா வெளியிலா என்ற கேள்விகளைச் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். சேர்த்தார்கள். என்னைப் போன்றவர்கள் அந்த அறையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்விகளை வைத்து வந்த தரவில் பின்னால் ஒரு பேப்பர் வந்தது. கூட்டு ஆய்வில் இருந்த இன்னொரு குழு எழுதியது. என் பெயர் நன்றி சொல்லும் பகுதியில் இருந்தது. என் கைடு பேசிப் பார்த்தார், அச்சாகிவிட்டது என்றார்கள். நான் யோசனை சொன்னது ஒரு மீட்டிங்கில், வாயால். கூட்டக் குறிப்பு இல்லை, மெயில் இல்லை. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, பேப்பரை எழுதியவர்கள் வரிசையில் பெயர் வர என்னென்ன செய்திருக்க வேண்டும் என்று நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. அதை முதல் வருஷத்திலேயே படித்துவிடுங்கள். மீட்டிங் முடிந்த அன்று மாலையே "இன்று நாம் பேசியபடி நான் இன்னின்ன கேள்விகளைத் தயாரித்து அனுப்புகிறேன்" என்று எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள். ரொம்பப் பணிவாகவே போடலாம். வேலை தொடங்கும்போதே "இதில் என் பெயர் எங்கே வரும்?" என்று கேட்பது நம் வீட்டு வளர்ப்பில் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள் அதைச் சாதாரணமாகக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

இதெல்லாம் உன் கற்பனை என்று சொல்கிறவர்கள் உண்டு. சில நாள் எனக்கே அப்படித் தோன்றும். அமெரிக்காவில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு அது. படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் எல்லாவற்றையும் சமன் செய்த பிறகும், அந்நாட்டு அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச்.சின் நிதி கிடைக்கும் வாய்ப்பு கறுப்பின விஞ்ஞானிகளுக்கு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. அங்கே தேசியப் புற்றுநோய் நிறுவனம் க்யூர் என்று ஒரு திட்டம் வைத்து, உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிச் சொந்த லேப் வைக்கும் வரை ஒவ்வொரு படிக்கும் பணமும் வழிகாட்டியும் என்று அடுக்கியிருந்தது. 2025-ல் ஆட்சி மாறியதும் என்.ஐ.எச்.சில் இந்த மாதிரிப் பல திட்டங்களை நிறுத்தினார்கள். அங்கேயும் ஒரு அறிவிப்பில் போய்விடுகிறது. ஆனால் எண்ணி வைத்த எண்ணை யாராலும் அழிக்க முடியாது. நம்மூரில் யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குக் கிடைத்தது என்று மதவாரியாக எண்ணி வெளியிடும் வழக்கமே இல்லை.

எனக்கு வழி திறந்தது நேரடி எஸ்.ஆர்.எஃப். (சீனியர் ரிசர்ச் ஃபெலோஷிப்) மூலமாக. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. மத்திய அரசின் ஆய்வுக் கவுன்சில்களான சி.எஸ்.ஐ.ஆர்., ஐ.சி.எம்.ஆர். இரண்டிலும் உண்டு. சி.எஸ்.ஐ.ஆருக்கு, எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருஷ ஆய்வு அனுபவமும் நல்ல இதழில் ஒரு வெளியீடும் இருந்தால் நேர்காணலுக்குப் போகலாம், ஜே.ஆர்.எஃப். தேவையில்லை. ஐ.சி.எம்.ஆருக்கு உங்கள் ஆய்வுத் திட்டமும் எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் தயாராக இருக்க வேண்டும். எதிக்ஸ் அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும், அதனால் அதை முதலில் தொடங்கிவிடுங்கள். 2023 ஜனவரியிலிருந்து எஸ்.ஆர்.எஃப். மாதம் 42,000. முதல் மாதத் தொகை வந்ததும் பைத்துல்மால் போய் வளையலை மீட்டேன். உம்மா அதைப் போட்டுக்கொள்ளவில்லை, என் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்துவிட்டார். அது வேறு சண்டை.

இன்னொன்று, ஒரே ஒரு கைடை நம்பி இருக்காதீர்கள். நான் சொல்வது துரோகம் எதுவும் இல்லை. பரிந்துரைக் கடிதத்துக்கு மூன்று பேர் வேண்டும், உங்கள் டாக்டரல் கமிட்டியில் இருப்பவர்களுக்கு உங்கள் பெயரே மறந்திருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவர்களிடம் போய் உங்கள் ரிசல்ட்டைக் காட்டுங்கள். இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்தின் வருடாந்திர மாநாட்டில் போஸ்டர் வையுங்கள். எனக்கு இரண்டாவது வழிகாட்டி கிடைத்தது அப்படித்தான், என் போஸ்டர் முன்னால் நின்று பீடி கேள்வியைப் பற்றி விசாரித்த ஒரு மேடம். வெளிநாட்டு மாநாட்டுக்குப் பயண உதவி கிடைத்தாலும் டிக்கெட்டை முதலில் நீங்கள் வாங்கிவிட்டுப் பிறகு பில் கொடுத்து வாங்குவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். போர்டிங் பாஸைப் பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் பில் பாஸ் ஆகாது.

இப்போது தீசிஸ் கொடுத்துவிட்டேன். கொடுத்த தேதியோடு ஃபெலோஷிப் நின்றுவிடும், வைவா எப்போது என்று தெரியாது. இந்த இடைவெளியையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்தத் தடவை முன்னாடியே விசாரித்து வைத்திருந்தேன். மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். தரும், பிஎச்.டி.க்கு அடுத்த கட்டமான தேசிய முதுமுனைவர் ஃபெலோஷிப்புக்குத் தீசிஸ் கொடுத்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், தொகை குறையும். வயது வரம்பு 35, பெண்களுக்கு ஐந்து வருஷம் தளர்வு. தீசிஸ் கொடுக்க நாள் குறிப்பதற்கு முன் அந்த விண்ணப்பத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அதற்கேற்ப நாளைத் தள்ளி வையுங்கள். அந்தத் தங்கச்சி நேற்று மறுபடி போன் செய்தாள். ஓ.பி.சி. சான்றுக்கு இ-சேவையில் போட்டுவிட்டாளாம், டி.சி.யில் 'இஸ்லாம்' என்று இருக்கிறதாம். பெரியப்பா மகனின் சான்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.